மருந்துக் கடைக்கு வந்த கம்ப்யூட்டர்

தொண்ணூறுகளில் ஒரு நாள், தி.நகரிலிருந்து மயிலாப்பூர் போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். ஒட்டுக்கேட்பது தப்பு என்று தெரிந்தேதான் கேட்டேன். அந்த அம்மாள் பேச்சை ஆரம்பித்த விதம் அப்படி.

“எனக்கும் அந்தக் கம்ப்யூட்டருக்கும் ஜாதகம் பொருந்தலைங்க. கடைக்கு வேற ஆளைப் போட்டுக்கோங்க.”

“ஏன் கலா? கிளாஸுக்கெல்லாம் போய்க் கத்துக்கிட்ட. நம்ம கடை மருந்து ஸ்டாக் மொத்தமும் நீதான ஏத்தின?”

“ஏத்தி என்ன? ஆயுத பூஜைக்கு மறுநாள் ஃப்ளாப்பியைப் போட்டேன், சிக்கிக்கிச்சு. புது மெஷினை அண்ணி கெடுத்துட்டாங்கன்னு உங்க தம்பி ஊரெல்லாம் சொல்றாரு.”

கணவர் மனைவி பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினார்.

“நீ கெடுக்கல, கலா. பூஜை அன்னிக்குக் கல்லாவுக்கு, ஃப்ரிட்ஜுக்கு எல்லாம் சந்தனம் வச்சேன். கம்ப்யூட்டரை மட்டும் விட மனசு வரல. ஃப்ளாப்பி போடற இடம் வாய் மாதிரி இருந்துச்சா, அங்க கொஞ்சம் தாராளமா வச்சுட்டேன்.”

“உள்ளேயா?”

“உள்ளேயும்தான். ரிப்பேர்காரர் நேத்து சுரண்டி எடுத்து என் கையிலயே குடுத்தாரு. இப்ப நல்லா ஓடுது.”

அந்த அம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

“நல்லவேளை, பொரிகடலை ஊட்டாம விட்டீங்க!”

“தம்பிகிட்ட நானே சொல்லிடறேன். நாளைக்குக் கடைக்கு வருவியா?”

“வரேன். சாமியை நீங்க பாத்துக்கோங்க. கம்ப்யூட்டரை நான் பாத்துக்கறேன்.”