நீட்டாத காலும் மடங்காத கையும்

கிரேன் லாரியின் நெடுங்கரத்தைத் தம் சிறுகரத்தின் சைகையால் ஏற்றியும் இறக்கியும், இருபத்தெட்டு ஆண்டுகள் கண்ணிமைக்காது கடமையாற்றிய எங்கள் சைகையக்கா அவர்களே! பணிநிறைவு பெறும் உங்களை வாழ்த்தவே எழுந்தோம். ஆனால் கோபத்தை விழுங்கிக்கொண்டு வாழ்த்த எங்களால் ஆகாது.

அஞ்சா நெஞ்சத்தீர்! சுமையைக் கட்டித் தூக்கும் பட்டையில் ஓர் இழை பிரிந்திருந்தாலும் கண்டுபிடிப்பீர்கள். தொங்கும் சுமைக்கடியில் நுழைபவர் மேலாளரே ஆனாலும் விரட்டுவீர்கள். அந்த அஞ்சாமைக்கு இந்நிறுவனம் தந்த பரிசை இந்த அவை அறியட்டும்.

ஒன்பது ஆண்டுகளுக்கு முன், ஒரு மருத்துவமனையின் பின்சந்தில் ஜெனரேட்டர் தூக்க வேண்டியிருந்தது. லாரி சாயாதிருக்க இருபுறமும் நீட்டி ஊன்றும் இரும்புக் கால்களில், இடப்பக்கத்தவற்றை முழுதாக நீட்ட முடியவில்லை. காரணம், அங்கே நின்ற மேலாளரின் கார். பாதி நீட்டினால் போதும், தூக்கச் சொல் என்றார் அவர். நீங்கள் இரு கைகளையும் அகல விரித்து, ‘நிறுத்து’ என்னும் சைகையில் நின்றீர்கள்.

"காரை எடுங்க சார். அதுவரைக்கும் என் கை மடங்காது."

அவரோ உங்களைத் தாண்டி முன்னே வந்து, தாமே கையசைத்தார். ஓட்டுநர் தூக்கினார். லாரி சாய்ந்தது. சுமை கட்டுபவரை நீங்கள் பாய்ந்து இழுத்திராவிட்டால் அவர் உயிரே போயிருக்கும்; போனது அவரது வலக்கால்.

விசாரணை அறிக்கை என்ன சொன்னது தெரியுமா அவையோரே? ‘தவறான சைகை.’ அதில் கையெழுத்திட மறுத்த உங்களைக் கிடங்கில் துருச் சங்கிலி துடைக்க வைத்தார்கள், முழுதாக இரண்டாண்டு! மேலாளருக்கோ பதவி உயர்வு!

கடைசியில், மனசாட்சி உறுத்த, ஓட்டுநரே மேலிடத்தில் போய்ச் சொன்னார்: "அக்கா கைய விரிச்சுதான் நின்னாங்க. நான் மேலாளர் கையப் பாத்துத் தூக்கிட்டேன்."

அறிக்கையை அமைதியாகத் திருத்தினார்கள். வருத்தம் தெரிவிக்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. திரும்பி வந்த அன்று நீங்கள் எவரையும் ஏசவில்லை; லாரியைச் சுற்றி வந்து, நான்கு கால்களும் சரியாக ஊன்றியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கச் சொன்னீர்கள். ஏசியிருந்தால்கூட எங்களுக்கு இவ்வளவு சுட்டிருக்காது. ஏனெனில் அந்தச் சந்தில் நாங்களும்தான் நின்றோம். விசாரணையில், திரும்பி நின்றதால் எதையும் பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்தோம். எங்கள் கோபத்தில் பாதி எங்கள் மீதே.

பேரன்புக்குரியீர்! நோய்நொடி அண்டாது, நூறாண்டு தாண்டியும் நிமிர்ந்த நடையோடு நீங்கள் வாழ வேண்டும். சந்தில் நடந்ததை இந்த வாழ்த்து மடலிலிருந்து நீக்கும்படி நேற்று மேலிடத்திலிருந்து சொல்லியனுப்பினார்கள். நீக்கவில்லை. சட்டமிட்ட ஒரு பிரதி உங்களுக்கு. இன்னொன்று அலுவலக வாசலில் மாட்டப்படும். கழற்ற நினைப்பவர் பகலில் வரட்டும், நாங்கள் அங்கேதான் இருப்போம்.

இவண்,
தூக்கு வண்டிப் பிரிவின் பணியாளர்கள்