இரண்டு மொழியிலும் திரை

பன்வில பஸ்ஸில் ஜன்னலோர இருக்கையை எப்போதும் அண்ணனுக்குத்தான் கொடுப்பேன். வெளியே எதுவும் தெரியாவிட்டாலும் காற்று முகத்துக்கு இதமாக இருக்கும்.

அண்ணன் இராமையாவுக்கு ஒரே கண். மற்றது சின்ன வயதிலேயே தேயிலைக் கிளை குத்திப் போய்விட்டது. இருந்த கண்ணிலும் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் புரை எடுத்தார்கள். புரையை எங்கள் தோட்டத்தில் திரை என்போம். அப்போது லென்ஸ் வைக்க முடியவில்லை. தடித்த கண்ணாடியோடு என் கையைப் பிடித்துத்தான் நடந்தார். "காளிமுத்து மாதிரித் தம்பி யாருக்குக் கெடைக்கும்?" என்று லயத்து வீடுகளில் சொல்வார்கள். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டது.

இந்த வருடம் கண்டியில் மறுபடி ஒப்பரேஷன் செய்து லென்ஸ் வைத்தார்கள். அண்ணனுக்குச் சிங்களம் அவ்வளவாக வராது. நான் பிலிமத்தலாவையில் கடையில் நின்று சிங்களம் பழகியவன். டொக்டர் சொல்வதை நான்தான் தமிழில் சொல்வேன். கண்ணைக் கசக்கக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, எல்லாம் சரியாகவே சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு வாரத்தில் கிளினிக்குக்குப் போனோம். பஸ்ஸை விட்டு இறங்கும்போது அண்ணன் சிரித்தார். "கைய விடுடா. படி தெரியுது. இனிமே நான் தனியாவே வந்துருவேன்."

விட்டேன்.

அன்றைக்குத்தான் டொக்டர் சொன்னார். இப்படி லென்ஸ் வைத்த கண்ணில் உள்சவ்வு கழன்றுவிடலாம். கறுப்புத் திரை இறங்குவது போலிருந்தால் அன்றே வர வேண்டும். பிந்தினால் பார்வை போய்விடும். சிங்களத்திலும் அது 'திரய' தான். அந்த ஒரு சொல் அண்ணன் காதில் விழுந்தது.

"திரைங்கிறாரே, என்னடா?"

"பழைய திரைதாண்ணே. அப்பப்பத் தலகாட்டுமாம். தானாப் போயிருமாம்."

அதற்குப் பத்தாம் நாள் அண்ணன், "மேலயிருந்து கறுப்பா இறங்குதுடா" என்றார். டொக்டர் சொன்னதுதான் என்றேன். மூன்று நாளில் என் முகத்தில் தாடை மட்டும்தான் தெரிந்ததாம். "பழைய திரைக்கு என்னய விட்டுப்போக மனசில்லடா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். கறுப்பு இறங்கி ஐந்தாம் நாள் கூட்டிப்போனேன். பிந்திவிட்டது என்றார்கள்.

அங்கே லோஜினி என்று ஒரு நர்ஸ் இருந்தது. "திரை இறங்குனா அன்னைக்கே வரச் சொன்னாங்கல்ல, ஐயா?" என்று அண்ணனிடம் தமிழில் கேட்டது. அண்ணன் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். அதோடு என்னிடம் பேசுவதில்லை.

ஆமாம், தெரிந்துதான் மாற்றிச் சொன்னேன். தனியாக நடந்தால் எங்கேயாவது விழுந்துவிடுவார் என்ற பயம்தான்.

அண்ணன் வெளியே பெஞ்சில் இருக்கிறார். என்மேல் முறைப்பாடு கொடுக்க இந்தப் பொலிஸ் ஸ்டேஷனுக்கு வரும்போதும் என் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்தார். கோபம் இருந்தால் பிடிப்பாரா, ஐயா?