தூண் சாயும் என்று சொன்ன வாய்

மங்கல விளக்கின் முன்னே மன்றத் தலைவராய் வீற்றிருக்கும் மதிப்புக்குரிய ஐயா கணேசமூர்த்தி அவர்களே, அவருக்கு இருபுறமும் அணி செய்யும் ஆலய நிர்வாகத்துப் பெரியோர்களே, அதிகாலையில் பால்மரம் சீவி, அந்தியில் அடுப்பு மூட்டி, அந்த அசதியோடும் இந்த மண்டபத்தை நிறைத்திருக்கும் அருமைத் தாய்மார்களே, செம்பனைக் குலை தூக்கித் தோள் காய்ந்த தோழர்களே, செலண்டாரிலிருந்து பஸ் பிடித்து வந்த நண்பர்களே, முன்வரிசைப் பாயில் அமர்ந்து முறுக்கு உடைக்கும் செல்வங்களே, புலாவ் செபாங் ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுக்கும் இந்தப் பரமேஸ்வரன் உங்கள் முன் தலைதாழ்ந்து நிற்கிறேன். வழக்கத்துக்காகச் சொல்லவில்லை. இன்றைக்கு உண்மையாகவே தலை நிமிரவில்லை. பயந்துபோய் வந்திருக்கிறேன்.

தலைவர் எனக்குத் தந்த தலைப்பு, 'பூதம் பிடிக்கும் வீடியோ கேம்: நிறையும் குறையும்'. ஆறு வாரத்துக்கு முன்பு இதே மேடையில் இதே ஆட்டத்தைப் பற்றித்தான் பேசினேன். அன்று அந்த ஆட்டத்தைக் கையால் தொட்டிருந்தேனா? இல்லை. கண்ணால் பார்த்திருந்தேனா? இல்லை. ஆனாலும் பேசினேனா? பேசினேன். முழங்கினேன். இந்தத் தகரக் கூரை அதிரும்படி நீங்கள் கைதட்டினீர்கள். கடைசியாக நான் சொன்ன வரி யாருக்காவது நினைவிருக்கிறதா?

ஆமாம் தம்பி, அதேதான். 'பெட்டியிலே பூதம் சாய்ந்தால், வீட்டினிலே தூண் சாயும்.' முறுக்கு தின்கிற பிள்ளைக்குக்கூட மனப்பாடம் ஆகியிருக்கிறது. அந்த வரி எங்கிருந்து வந்தது தெரியுமா? ஏட்டில் இல்லை. எந்தச் சாமியும் வந்து சொல்லவில்லை. சாய்ந்தால் என்று வாயில் வந்தது. சாயும் என்று முடித்தால் ஓசை நன்றாக இருக்கும் என்று தோன்றியது. முடித்தேன். அவ்வளவுதான் அதன் பிறப்பு.

அந்த ஆட்டத்தை அறியாத தாய்மார்களுக்குச் சொல்லிவிடுகிறேன். உள்ளங்கை அளவு ஒரு பெட்டி. அதற்குள் ஒரு சின்ன உலகம். புல்வெளியில் நடந்தால் விதவிதமான பூதங்கள் எதிரே வரும். பிடிக்கலாம், பேர் வைக்கலாம், வளர்க்கலாம், மற்றப் பூதங்களோடு மோதவும் விடலாம்.

நம் தோட்டத்து மருதமுத்துவின் மகள் தாரணிக்குப் பன்னிரண்டு வயது. ஜோகூரில் வேலை செய்கிற அவள் அண்ணன் முறை சுரேன் அந்தப் பெட்டியை வாங்கிக் கொடுத்தான். பெட்டிக்குள் காட்டின் ஓரத்தில் பெரிய பூதமொன்று தனியாக நின்றிருக்கிறது. நம் தோட்டத்து எல்லையில் காவல் நிற்பது யார்? முனி. பிள்ளை அந்தப் பூதத்தைப் பிடித்து, ஆசை ஆசையாக முனி என்றே பேர் வைத்துவிட்டாள்.

பெத்தம்மாள் அக்கா கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். எனக்கும் பயம்தான் அக்கா. ஆனால் அவள் கேலிக்கு வைக்கவில்லை, காவலுக்கு வைத்தாள்.

இரண்டு வாரத்துக்கு முன்பு ஒரு மாலை, ஆட்டத்தில் நடந்த மோதலில் முனி சாய்ந்துவிட்டது. மறுநாள் காலை வெளிக்காட்டில் செம்பனை மரத்திலிருந்து மருதமுத்து அறுத்த குலை, ஈரத்தில் கால் வழுக்கி விலக முடியாமல் போன அவர் முதுகிலேயே விழுந்தது. மலாக்கா ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

பெட்டியிலே பூதம் சாய்ந்தது. வீட்டினிலே தூண் சாய்ந்தது. என் வரி பலித்துவிட்டது என்று ஊர் பேசியது. மேடையில் பேசுகிறவனுக்கு இதைவிடப் பெரிய தண்டனை வேறென்ன இருக்கிறது?

ஐந்து நாள் கழித்து அவர் மனைவி கோமளா என் டிக்கெட் கவுண்டருக்கு வந்து நின்றார். சிரம்பான் போகவா, ஜோகூர் போகவா என்று கேட்டேன். "டிக்கெட் வேணாண்ணே," என்றார். "நீங்கதானே அன்னிக்குப் பேசுனீங்க. நீங்கதான் இதுக்கு ஒரு வழி சொல்லணும். பிள்ள சோறு திங்க மாட்டேங்குது. ஸ்கூல் போக மாட்டேங்குது. கேம ஆஃப் பண்ணா அப்பா செத்துருவாருன்னு சொல்லுதுண்ணே."

என் கை ரப்பர் முத்திரையைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டது. வரிசையில் பின்னால் நின்ற மலாய்க்காரப் பெரியவர் எனக்கு உடம்புக்கு ஏதோ என்று நினைத்து, உட்காரச் சொல்லிக் கையசைத்தார்.

அன்று மாலை நான்கு மணிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனேன். என்ன கண்டேன்? சுவரோரம் கரண்ட் பிளக். அதிலிருந்து ஒரு முழ ஒயர். ஒயரின் மறுமுனையில் பெட்டி, பெட்டியைப் பிடித்தபடி பிள்ளை. ஐந்து நாளாக அந்த ஒரு முழத்தைத் தாண்டி அவள் நகரவில்லை. பெட்டியின் மூலையில் மிளகு அளவு ஒரு சிவப்பு விளக்கு. அவள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அணைத்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம் என்று அவளுக்குத் தெரியும். அவள் பயத்துக்குத் தெரியுமா?

"முனி செத்துடுச்சா?" என்று கேட்டேன்.

"சாகல மாமா, மயங்கிருக்கு. ஊருக்குள்ள ஒரு கிளினிக் இருக்கு. அங்க கொண்டு போனா எழுந்துரும்."

"அப்போ கொண்டு போக வேண்டியதுதானே?"

"புல்லத் தாண்டிப் போகணும். வேற பூதம் வரும். கடைசியா இருக்கிறதும் தோத்துட்டா?"

அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. இடி இறங்க இறங்க, வீட்டு பல்பு ஒரு முறை மங்கி எரிந்தது. பெட்டியின் பாட்டரி கெட்டுப்போயிருந்தது; கரண்ட் போனால் பெட்டி அணையும். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. ஐம்பது வயதுக்காரன், பொம்மைப் பெட்டிக்குப் பயந்து உட்கார்ந்திருந்தேன். "வா, ரெண்டு பேரும் நடப்போம்," என்றேன்.

அந்த நடையில்தான் ஐயா, நான் மேடையில் பழித்த ஆட்டத்தை முதன்முதலாகப் பார்த்தேன். நிறையைக் கேட்டீர்களே, சொல்கிறேன். அங்கே ஒருவர் அடித்தால் மற்றவர் முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். எவ்வளவு பெரிய பூதமானாலும் முறை தவறி அடிக்காது. நெருப்புப் பூதத்துக்கு நீர்ப் பூதம் எதிரி, நீருக்குச் செடி எதிரி. அதனால் எளியதும் ஒரு நாள் வெல்லும். அவளிடம் மீதமிருந்தது தவளைக் குஞ்சு போன்ற ஒரு சின்ன நீர்ப் பூதம். அதை வைத்துக்கொண்டு, "இப்ப என் முறை, இப்ப அதோட முறை" என்று முணுமுணுத்தபடி பிள்ளை யோசித்து யோசித்து அடி வைத்தாள். நிதானம் சொல்லிக் கொடுக்கிற ஆட்டம். விழுந்ததை எழுப்பலாம் என்கிற ஆட்டம்.

குறை இல்லையா? ஏராளம். நாலடி நடப்பதற்குள் நாற்பது பூதம் வழிமறிக்கிறது. ஒரே சண்டையை ஓயாமல் போட வைக்கிறது. பிடித்தது போதாது, எல்லாவற்றையும் பிடி என்று ஆசை காட்டுகிறது. இன்னொரு பெட்டிக்காரரோடு பண்டமாற்று செய்யாமல் எல்லாம் கிடைக்காது. தோட்டத்துக்கே ஒரு பெட்டி என்றால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? கண்ணைத் தின்கிறது, நேரத்தைத் தின்கிறது. இத்தனையும் குறை. ஆனால் அவளைச் சுவரோரம் கட்டிப்போட்டது இந்தக் குறைகளில் ஒன்றா? இல்லை ஐயா. அது என்னுடைய ஒற்றை வரி.

பல்பு இரண்டாம் முறை மங்கியது. பெட்டிக்குள் நாங்கள் கிளினிக் கதவைத் தாண்டினோம். ஒரு சின்ன மணியோசை. முனி எழுந்துவிட்டது. விட்ட இடத்தைப் பதிவு செய்யும் பொத்தானை அவள் அழுத்தினாள். உடனே கரண்ட் போய்விட்டது.

அவள் அழவில்லை. மழைச் சத்தத்தில் மெதுவாகக் கேட்டாள். "மாமா, முனி எழுந்துருச்சு. அப்ப, அப்பாவும் எழுந்துருவாரா?"

தாய்மார்களே, அந்தக் கணம் என் நாக்கு என்ன செய்தது தெரியுமா? இன்னொரு வரியைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றது. 'பெட்டியிலே பூதம் எழுந்தால், வீட்டினிலே தூண் எழும்.' ஓசை நன்றாகத்தானே இருக்கிறது? சொல்லியிருந்தால் அவள் சிரித்திருப்பாள். நீங்களும் கைதட்டியிருப்பீர்கள். நாக்கைக் கடித்துக்கொண்டேன். பலிக்காமல் போனால் அந்தப் பிள்ளை யாரைக் குற்றம் சொல்லும்? தன்னைத்தானே அல்லவா? "தெரியாதும்மா," என்றேன். "டாக்டருக்கே இன்னும் தெரியாது. ஆனா ரெண்டுக்கும் சம்பந்தம் இல்ல. சம்பந்தம் இருக்குன்னு சொன்னவன் நான். பொய் சொன்னேன்."

பெட்டியைத் தரையில் வைத்தாள். அப்புறம், "பசிக்குது மாமா," என்றாள்.

என்ன அக்கா கேட்கிறீர்கள்? "அப்ப அன்னிக்கு ஏன் தம்பி அப்படிப் பேசுனீங்க?" நியாயமான கேள்வி. கைதட்டலுக்காக அக்கா. வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

இதையெல்லாம் சபையில் சொல்லலாமா என்று தாரணியிடமே கேட்டேன். "சொல்லுங்க மாமா. தண்ணிக் குழாய்கிட்ட போனா எல்லாரும் என்னையே பாக்குறாங்க," என்றாள். அவள் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவள் இதோ, பெத்தம்மாள் அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம். என்னைப் பாருங்கள். குற்றவாளி மேடையில் நிற்கிறான்.

நாளைக் காலை எட்டு மணிக்கு மருதமுத்துவுக்கு முதுகில் ஆபரேஷன். அதனால்தான் பயம் என்றேன். எழுந்து நடப்பாரா? தெரியாது. நடக்காமலே போவாரா? தெரியாது. அதற்கும் மேலே ஏதாவது நேருமா? அதுவும் தெரியாது. ஆனால் ஒன்று தெரியும். நாளை எது நடந்தாலும் அது ஈரமான தரைக்கும் கனமான குலைக்கும் டாக்டரின் கைக்கும் உள்ள கணக்கு. அதில் பெட்டிக்குப் பங்கில்லை, பேருக்குப் பங்கில்லை, பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குப் பங்கே இல்லை. அந்த வரியை ஆறு வாரமாக உங்கள் வாயில் வைத்தவன் நான். இன்று திருப்பிக் கேட்கிறேன். குழாயடியில் வேண்டாம், கடையில் வேண்டாம், கோயில் வாசலில் வேண்டாம். நல்லது நடந்தாலும் வேண்டாம், கெட்டது நடந்தாலும் வேண்டாம். வாய் வரைக்கும் வந்தால் என்னைப் போல் கடித்துக்கொள்ளுங்கள்.

மண்டபத்துக்குக் கிளம்பும்போது தாரணி அந்தப் பெட்டியைத் தானே அணைத்து என் கையில் கொடுத்தாள். என் சட்டைப்பையில் இருக்கிறது. விளக்கு எரியவில்லை. இதை அவளிடம் திருப்பிக் கொடுக்கப் போகிறேன். அவள் இங்கே நடந்து வருவாள். வழி விடுங்கள், கதை பேச வேண்டாம்.

பொறுமையாகக் கேட்ட தலைவருக்கும், தாய்மார்களுக்கும், தண்ணீர் எடுத்து வைத்த தம்பிகளுக்கும் என் நன்றி. இந்த முறை கைதட்ட வேண்டாம். அந்த ஆட்டம் எனக்குக் கற்றுத் தந்ததைச் சொல்லி இறங்குகிறேன். என் முறை முடிந்தது. இனி உங்கள் முறை. வணக்கம்.