அஞ்சு மணிக்குள் ஒரு பதில்

மருமகள்: இன்னும் மூணு மணி நேரம் இருக்கு. அஞ்சு மணிக்குத்தான் ஹைகோர்ட்டுப் பதிவாளர் பதில் கேட்டுப் போன் பண்ணுவார். அதுவரைக்கும் என்னை இப்படித் துரத்தாதீங்க, மாமா.

மாமனார்: எங்கம்மா துரத்தினேன்? நாற்காலியிலதானே உட்கார்ந்திருக்கேன்.

மருமகள்: வாய் உட்காரலையே... அத்தை, என் வெள்ளைச் சட்டை ஒண்ணைக் காணோம். கோர்ட்டுக்குப் போடறது. கொடியில இருந்துச்சே?

மாமியார்: எனக்கென்ன தெரியும்? ஒரே வீட்டுல ரெண்டு வக்கீல். துணியெல்லாம் கறுப்பு, வெள்ளை. எது யாருதுன்னு யாரு கண்டா?

மாமனார்: பேச்சை மாத்தாதே. இப்ப நீ சாட்சிக் கூண்டுல நிக்கறே. ஆமா, இல்லைன்னு மட்டும் சொல்லு. ஜட்ஜா வரச் சொல்லி உன்னைக் கேட்டிருக்காங்களா?

மருமகள்: ஆமா.

மாமனார்: இந்தக் கோர்ட்டு கட்டின நாள்லேர்ந்து அந்த நாற்காலியில ஒரு பொம்பளை உட்கார்ந்திருக்காளா?

மருமகள்: இல்ல.

மாமியார்: துடைச்சிருப்பா.

மாமனார்: குறுக்கே பேசாதே.

மாமியார்: என் வீட்டுல நான் பேச யாரைக் கேக்கணும்?

மாமனார்: ...கேள்விக்கு வருவோம். ஏன் வேண்டாங்கறே?

மருமகள்: இதுக்கு எப்படி ஆமா, இல்லைன்னு சொல்றது?

மாமனார்: சரி, காரணத்தைச் சொல்லு.

மருமகள்: சின்னவளுக்குப் பரீட்சை.

மாமியார்: அவளுக்கு எந்த வருஷம் பரீட்சை இல்ல? நீ சட்டம் படிக்கறப்போ பெரியவன் கைக்குழந்தை. இடுப்புல அவன், கையில புத்தகம். பால் பொங்கி அடுப்பே அணைஞ்சாலும் தலை நிமிர மாட்டே. அப்ப எங்க போச்சு இந்தச் சாக்கு?

மருமகள்: அத்தை, நீங்க என் பக்கமா, அவர் பக்கமா?

மாமியார்: நான் பாத்ததைச் சொல்றேன்.

மாமனார்: என் பையன் என்ன சொன்னான்?

மருமகள்: உங்க பையனா? போன்ல சந்தோஷத்துல ஒரே கத்தல். கப்பல்ல கூட வேலை பாக்கற சமையல்காரர் வரைக்கும் சொல்லிட்டாராம்.

மாமனார்: அப்ப அவனும் தடை இல்ல. அடுத்தது?

மருமகள்: ஜட்ஜ் அறைப் பக்கம் பொம்பளைங்களுக்குக் கழிப்பறை கிடையாது.

மாமனார்: நீ வக்கீலா வந்தப்போ மட்டும் எங்கயாவது இருந்துச்சா?

மருமகள்: இல்ல. அதனாலதான் காலையிலேர்ந்து வீடு திரும்பறவரைக்கும் தண்ணியே குடிக்க மாட்டேன். அப்புறம் ஒண்ணு கட்டினாங்க. அதுக்கே மூணு வருஷம். அதெல்லாம் உங்களுக்குத் தெரியாது.

மாமனார்: ...தெரியாது.

மாமியார்: எனக்குத் தெரியும். செருப்பைக்கூடக் கழட்டாம உள்ள ஓடுவா. அப்புறம் வந்து ஒரு சொம்புத் தண்ணியை ஒரே மூச்சுல...

மாமனார்: எங்கிட்ட ஒருத்தரும் சொல்லலையே!

மருமகள்: சீனியர்கிட்ட, அதுவும் மாமனார்கிட்ட, இதைப் போய்ச் சொல்வாங்களா?

மாமனார்: சரி... ஜட்ஜா உட்கார்ந்து முதல் வேலையா அதைக் கட்டச் சொல்லு.

மருமகள்: கேக்க நல்லாத்தான் இருக்கு.

மாமனார்: இருக்குல்ல? அடுத்தது.

மருமகள்: என்கிட்ட ஜட்ஜ் கவுன் இல்ல.

மாமியார்: அது வேறயா?

மாமனார்: வக்கீல் கவுனைவிடக் கை கொஞ்சம் நீளமா இருக்கும். அவ்வளவுதான். ஏம்மா, இதெல்லாம் ஒரு காரணமா? எதிர்த்தரப்பு வக்கீல் இப்படி அடுக்கினா நீயே சிரிப்பே. நிஜத்தைச் சொல்லு.

மருமகள்: ...மாமா, இந்த ஊர்ல எத்தனை கோர்ட்டு?

மாமனார்: நான்தானே கேள்வி கேட்டுட்டு இருந்தேன்?

மருமகள்: சொல்லுங்க.

மாமனார்: ஒண்ணு.

மருமகள்: எத்தனை ஜட்ஜ்?

மாமனார்: ஒருத்தர்.

மருமகள்: அந்த இடத்துல நான் உட்கார்ந்தா, என் குடும்பத்துல இருக்கற வக்கீல் என் முன்னால ஆஜராகலாமா?

மாமனார்: ...கூடாது.

மருமகள்: அப்ப நீங்க?

மாமியார்: ஐயோ! இவர் பகல் பூரா வீட்டுலயா இருப்பார்? ஜட்ஜம்மா, முதல்ல எனக்கு ஒரு தடை உத்தரவு குடு.

மருமகள்: விளையாடாதீங்க, அத்தை. கோர்ட்டுக்கு லீவு விட்டாலே இவருக்குக் காய்ச்சல் வந்துடும். போன லீவுல பால்காரரை நிக்க வச்சுக் குறுக்கு விசாரணை பண்ணினார்.

மாமனார்: தண்ணி கலந்தான். கடைசில ஒத்துக்கிட்டான்.

மருமகள்: பாத்தீங்களா! இந்த மனுஷனை வெளிய அனுப்பிட்டு நான் உள்ள உட்காரணுமா? நான் வாதாட வந்த முதல் நாள், முன்வரிசையில எனக்கு இடம் இல்லைன்னாங்க. வீட்டுல அடுப்பு இருக்கும், அங்க போய் உட்காரட்டும்னு ஒருத்தர் சொன்னார். கோர்ட்டே சிரிச்சுது. நீங்கதான் எந்திரிச்சு உங்க நாற்காலியை எனக்குக் குடுத்துட்டு, சாயங்காலம் வரைக்கும் சுவரோரமா நின்னீங்க.

மாமனார்: கால் வலிச்சுது. வேற ஞாபகம் இல்ல.

மருமகள்: எனக்கு இருக்கு. மறுபடியும் உங்களை எழுப்பி விட மாட்டேன்.

மாமனார்: கடைசிக் கேள்வி. என்னை விட்டுடு. உனக்கு அந்த நாற்காலி வேணுமா?

மருமகள்: மாமா...

மாமனார்: அது பதில் இல்ல.

மருமகள்: ...ஆமா. வேணும். ரொம்ப வேணும். ரெண்டு நாளாத் தூக்கமே இல்ல. போதுமா?

மாமியார்: ஏய்... அழறியா?

மருமகள்: இல்ல அத்தை, கண்ணாடியைத் துடைக்கறேன்... மாமா, கதவுக்குப் பின்னால கொக்கி ஏன் காலியா இருக்கு?

மாமனார்: எந்தக் கொக்கி?

மருமகள்: உங்க கவுன் தொங்கற கொக்கி. எங்க கவுன்?

மாமனார்: துவைக்கப் போட்டிருக்கும்.

மாமியார்: நான் துவைக்கல.

மருமகள்: இப்ப நீங்க கூண்டுல நிக்கறீங்க. மேஜையில உங்க கேஸ் கட்டு ஒண்ணுகூட இல்லையே, ஏன்?

மாமனார்: ...அந்த வக்கீல் மீசைக்காரன்கிட்ட குடுத்துட்டேன்.

மருமகள்: மீசைக்காரரா! அவர் முகத்துலயே முழிக்க மாட்டீங்களே?

மாமனார்: நேத்து முழிச்சேன். நல்லாத்தான் டீ போடறான்.

மாமியார்: எதிரி வீட்டு டீ மட்டும் இனிக்கும்.

மருமகள்: இருங்க, அத்தை. நான் முடியாதுன்னு சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பீங்க, மாமா?

மாமனார்: அதான் சொல்லலையே.

மருமகள்: நீங்க கேஸைத் திரும்ப வாங்குங்க. கவுன் எங்க இருக்கு, அதைச் சொல்லுங்க.

மாமனார்: தையல்காரர்கிட்ட.

மருமகள்: கிழிஞ்சிடுச்சா?

மாமனார்: இல்ல.

மருமகள்: அப்ப நான் போய் வாங்கிட்டு வரேன். நாளைக்கு அதைப் போட்டுக்கிட்டு எப்பவும் போல நீங்க கோர்ட்டுக்குப் போறீங்க.

மாமனார்: அது இனிமே எனக்குப் பத்தாதும்மா. உன் வெள்ளைச் சட்டையை அளவுக்குக் குடுத்து, காலையிலயே பக்கத்துல நின்னு வெட்ட வச்சுட்டேன்.