ஓரத்துல ஒரு நிலா

...கறுப்பு! நாப்பத்திரண்டு படம், அத்தனையும் கறுப்பு! ஏசிய அப்புறம் கழட்டலாம்ணே, மொதல்ல இந்த ஸ்கிரீனப் பாருங்க. என்ன தெரியுது? ஒண்ணும் தெரியலல்ல? அதேதான்! ஒம்போது வருஷமாப் பறந்துக்கிட்டிருக்குற விண்கலம் எடுத்ததுண்ணே. இங்கேர்ந்து 'திரும்பு'ன்னு ஒரு கட்டளை அனுப்பினா, அது போய்ச் சேரவே நாலு மணி நேரம். அவ்வளவு தூரம். அங்க ஒரு குட்டி நிலா, முழுக்கப் பனிக்கட்டி. இதுவரைக்கும் ஒருத்தரும் கிட்டப் பாத்ததில்ல. ஒரே தடவ பக்கத்துல போகும், கிளிக் கிளிக்னு எடுக்கும், போய்க்கிட்டே இருக்கும். பிரேக்கும் கெடையாது, ரிவர்ஸும் கெடையாது.

கேமரா என் பொறுப்பு. நிலா எப்ப எங்க இருக்கும்னு சொல்றது மட்டும் பாதைக் கணக்குக்காரங்க. அவங்க சொன்ன எடத்தப் பாத்துக் கேமராவத் திருப்பி வெச்சேன்... நிலாவக் காணோம்! காலையிலேர்ந்து எல்லார் முன்னாடியும் கத்தித் தீத்துட்டேன். கூட்டிக் கழிக்கத் தெரியாதவங்களோட எப்படி வேல பாக்குறதுன்னு...

இந்தா, மொத படத்துல, இங்க ஓரத்துல... நகத்த வெட்டிப் போட்ட மாதிரி வெள்ளையா இருக்குல்ல? அதான் நிலா. அம்புட்டுதான் கெடச்சுது.

அந்தக் கணக்குக் கோஷ்டிக்குத் தலைவர் யாருங்குறீங்க? எங்க வீட்டுக்காரர்! ஆமாண்ணே, ஒரே ஆபீஸ்... அத ஏன் கேக்குறீங்க. போன வாரம் நாத்தனார் வந்தா. அண்ணிக்கு என்ன வேலைன்னு கேட்டா. 'ஃபோட்டோ எடுக்குறா'ன்னாரு. அவ்வளவுதான்! பதினஞ்சு வருஷம் படிச்சதுக்கு அவ்வளவுதான்! உடனே அவ, 'அப்ப நம்ம பாப்பா பொறந்தநாளுக்கு வந்து எடுத்துக் குடுங்க அண்ணி'ங்குறா. இவரு சிரிக்கிறாரு. அன்னியிலேர்ந்து பேச்சு கெடையாது.

முந்தாநேத்து அவர்கிட்டேர்ந்து மெயில். தலைப்பு, 'அவசரம்'. ஓஹோ, மன்னிப்பு கேக்குறதுக்கு இப்பதான் அவசரம் வந்துச்சாக்கும்னு... கெடக்கட்டும், ரெண்டு நாள் தவிக்கட்டும்னு விட்டுட்டேன்.

என்னது? தொறந்தேன், தொறந்தேன். இப்பதான், நீங்க உள்ள வர்றதுக்கு முன்னாடி. ஒரே வரிண்ணே. 'நிலா எண்பது செகண்ட் முன்னாடியே வந்துரும், கேமராவ மாத்திரு.'

அன்னிக்கே பாத்திருந்தா... நேரம் தாராளமா இருந்துச்சு. நேர்ல சொல்லியிருக்கலாமேங்குறீங்களா? எங்க சொல்றது? அவரு ரூமுக்குள்ள வந்தாலே நான் எழுந்து போயிடுவேனே.

இதுல கொடும என்னன்னா, மெயில் அனுப்புனத அவரு ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறந்து சொல்லல. நான் கத்துறேன், அவரு பாட்டுக்குத் தலையக் குனிஞ்சுக்கிட்டு நிக்கிறாரு. இப்ப டைரக்டர் ரூம்ல, 'கணக்கு எங்ககிட்டேர்ந்துதான் லேட்டாப் போச்சு'ன்னு எழுதிக் குடுத்துட்டிருக்காராம்.

ஸ்பேனரக் கீழ வெச்சுட்டு ஏன் என்னயவே பாக்குறீங்க... போறேண்ணே, போறேன். அவரு திருத்துன கணக்கு நேரத்துக்கே வந்துச்சு, படிக்காம விட்டது நான்தான்னு டைரக்டர்கிட்ட சொல்லத்தான் போறேன். வேல இருக்குமோ போகுமோ. வீட்ல அவரு பேசுவாரோ மாட்டாரோ. பேசலன்னா மெயில் போடட்டும். வந்த நிமிஷமே தொறந்து பாக்குறேன்.