டப்பாக்குள்ள இருந்தது வேற

ஹலோ... ஹலோ, தோல் டாக்டர் கிளினிக்குங்களா?... சிஸ்டர், பத்தரை மணி டோக்கன் உள்ள போயாச்சா?... கட்டிங் கடை வெச்சிருக்காரே, ரெண்டு கையிலயும் சோரியாசிஸ்... ஆமா, ஆமா, எப்பவும் கையை பாக்கெட்டுக்குள்ளயே விட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரே, அவரேதான். நான் அவரு வீட்டுக்காரி பேசுறேன்.

இன்னும் போகலையா?... அப்பாடா. இன்னும் எத்தனை பேரு?... மூணு பேரா. சரி, சரி... இல்ல, அவசரம்னு ஒண்ணும் இல்ல... அவசரந்தான் சிஸ்டர். இல்லல்ல, அவருகிட்ட குடுக்காதீங்க. உங்ககிட்டதான் பேசணும். அவரு காதுல விழாத எடத்துக்குக் கொஞ்சம் வர முடியுமா?... ஊசி போடுற ரூமா, நல்லதாப் போச்சு. கதவைச் சாத்திட்டீங்களா?

இன்னிக்கு மாத்திரை ஆரம்பிக்கப் போறதா டாக்டரம்மா சொன்னாங்களாமே... ஆமா, வாரத்துக்கு ஒரு தடவை போடுறது. ரத்தம் எடுத்து, கல்லீரல் டெஸ்ட் எல்லாம் பண்ணி... ஆமா, மாசாமாசம் ரத்தம் எடுக்கணும்னு சொன்னாரு... அதை இன்னிக்குக் குடுக்க வேண்டாம்னு டாக்டரம்மாகிட்ட சொல்லுங்களேன்... காரணமா? காரணம் இருக்கு... இல்ல, செலவுக்காக இல்ல... பயமும் இல்ல. வேற காரணம்.

இருங்க, சொல்றேன். காலையில அவரு செருப்பு மாட்டுற வரைக்கும் எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. தெருமுனை திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன். சொல்லலை. இப்போ பாருங்க, யாரோ ஒரு சிஸ்டருக்கு போன் போட்டு... சரி, சுத்தி வளைக்கலை. கோவிச்சுக்காதீங்க.

மூணு மாசமா பூசுற மருந்து கேக்கலைன்னுதானே மாத்திரைக்குப் போறாங்க?... ஆமா, முதல்ல ஒண்ணு குடுத்தீங்க, அப்புறம் அதைவிட வீரியமா ஒண்ணு, அப்புறம் இருக்கிறதுலயே வீரியமானது. மூணு டப்பா. மூணும் கேக்கலை... கேக்கலைன்னு இல்ல சிஸ்டர். அந்த மருந்து அவரு கையில படவே இல்ல.

அய்யோ, அவரைத் திட்டாதீங்க. அவரு பூசினாரு. ஒரு நாள் விடாம பூசினாரு. ஆள்காட்டி விரல் முதல் மடிப்பு வரைக்கும் எடுத்தா ரெண்டு உள்ளங்கைக்குப் போதும்னு நீங்க சொன்னீங்களாம். அந்த மடிப்புல பேனாவால கோடு போட்டுக்கிட்டு எடுப்பாரு மனுஷன். முடி வெட்டுற கை, அளவு தப்பாது. பூசி முடிச்சு பிளாஸ்டிக் கையுறை மாட்டிக்கிட்டு ரேடியோ கேட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரு... ஆமா, நீங்க சொன்னபடிதான்...

ஆனா அவரு பூசினது வாசலின். வெறும் வாசலின்.

சிஸ்டர்?... ஆமா, வாசலின்தான்.

இல்ல, உங்க மருந்துக்கடையில சரியாத்தான் குடுத்தாங்க. அந்த வெள்ளை டப்பா. வீட்டுக்கு வந்தப்புறம் மாத்தினது... நாந்தான். நாந்தான் மாத்தினேன். மருந்தை வழிச்சு எடுத்துட்டு வாசலினை நிரப்பி, மேல கரண்டியால தடவி, புதுசு மாதிரி... பாத்தா வித்தியாசமே தெரியாது... ஆமா. மூணு டப்பாவையும். ம்... ம்...

திட்டுங்க. திட்டி முடிச்சுட்டு கேளுங்க.

எங்கக்கா முகத்தை நீங்க பாத்ததில்ல சிஸ்டர். நிறம் வரும்னு யாரோ சொன்னாங்கன்னு கடையில ஒரு டியூப் வாங்கி ரெண்டு வருஷம் பூசினா. மொதல்ல பளபளன்னுதான் இருந்துச்சு. அப்புறம் தோலு வெங்காயச் சருகாட்டம் ஆகி, உள்ள இருக்கிற ரத்தக்குழாய் எல்லாம் வெளிய தெரிஞ்சுது. நிறுத்தினா முகம் வீங்கிப் போயிரும், பூசினா இன்னும் மெலிஞ்சு போயிரும். வெயில்ல வந்து நிக்க மாட்டா. அதுல இருந்தது ஸ்டீராய்டுன்னு அப்புறந்தான் தெரிஞ்சுது. அந்த வார்த்தையை இவரு மருந்துச் சீட்டுல பாத்ததும் எனக்கு அக்கா முகந்தான் தெரிஞ்சுது. சொன்னா கேக்க மாட்டாரு, டாக்டர் குடுத்ததுன்னுவாரு. அதான்...

ஆமா... முகம் வேற, உள்ளங்கை வேற... உள்ளங்கைத் தோலு தடிமன்... ம், அவ யாரையும் கேக்காம ரெண்டு வருஷம் பூசினா, இது கணக்கு வெச்சுக் குடுக்கிறது... மூணு வாரம் பூசிட்டு, குறைஞ்சதும் ஒருநாள் விட்டு ஒருநாள், அப்புறம் வாரத்துக்கு ரெண்டு நாள், திடீர்னு நிறுத்தக் கூடாது... தெரியும் சிஸ்டர். அந்தச் சீட்டு பீரோ கதவுலதான் ஒட்டியிருக்கு. படிச்சேன். படிச்சுட்டுதான் பண்ணேன். அதான் எனக்கே என் மூஞ்சியைப் பாக்கப் புடிக்கலை.

மருந்து இருக்கு. மூணையும் ஒரு ஜாம் பாட்டில்ல வழிச்சு வெச்சிருக்கேன்... ஆமா, ஒண்ணாத்தான்... குழந்தைங்களுக்கா? இல்ல, யாருக்கும் போடலை...

எனக்குப் போட்டுக்கிட்டேன்.

ரெண்டு வாரத்துக்கு முன்னாடி. பாத்திரம் கழுவுற சோப்புல மணிக்கட்டுல ஒரு அரிப்பு, நீர் கோத்துக்கிட்டு... எக்ஸிமாவா? அப்படித்தான் இருக்கும். தாங்க முடியலை. கொஞ்சம் எடுத்துப் போட்டேன். நாலே நாள். இருந்த எடம் தெரியலை... ஆமா, அடுத்தவங்க மருந்து, தொட்டிருக்கக் கூடாது. மூணு வீரியமும் கலந்துபோச்சு, எது எவ்வளவுன்னே தெரியாது... போடலை, இனிமே தொட மாட்டேன்.

அன்னிக்குத்தான் உறைச்சுது. நாலு நாள்ல என் கை ஆறிப்போச்சு, அந்த மனுஷன் மூணு மாசமா வெடிச்ச கையோட உக்காந்திருக்காரு.

உடனே பாட்டில்ல இருந்ததுல பாதியை அவரு டப்பாவுல போட்டு நிரப்பிட்டேன். யாருக்கும் தெரியாம சரி பண்ணிடலாம்னு. தப்பு பண்ணவ புத்தி அப்படித்தானே போகும்... அவரு பூசலை. தொடவே மாட்டேன்னுட்டாரு. "மூணு மாசம் பாத்தாச்சு, அது என் கைக்குக் கேக்காது, நீயே பூசிக்கோ"ன்னாரு. நான் கெஞ்சினேன். கெஞ்சக் கெஞ்ச வீம்பு அதிகமாச்சு. அப்போ நான் ஒத்தை வார்த்தை சொல்லியிருந்தா போதும்... சொல்லலை.

ஏன்னா அதுக்கு முன்னாடியே கடையைச் சாத்திட்டாரு சிஸ்டர். பதினோரு வருஷமா வர்ற ஆளு, போத்தின துணியோட நாற்காலியில இருந்து எந்திரிச்சு, நாளைக்கு வர்றேன்னு சொல்லிட்டுப் போயிட்டாராம். பாதி தலை வெட்டினபடி. இது தொத்தாதுன்னு இவரு சொல்லச் சொல்லக் கேக்காம. ஷட்டரை இழுத்துவிட்டுட்டு வந்தவருதான். ஒரு மாசம் ஆச்சு. இப்போ என்னன்னு சொல்றது? என்னாலதான்னு எந்த வாயால சொல்றது?

சரி... சரிங்க. மாத்திரை குடுக்க மாட்டாங்கல்ல?... மொதல்ல மருந்தை ஒழுங்காப் பூசிப் பாத்துட்டுத்தான்... ம். புது டப்பா குடுப்பீங்க. வீட்டுல இருக்கிறதைத் தூக்கிப் போட்டுடறேன். ஈரம் துடைச்சு, மெல்லிசா, முகத்துல அக்குள்ல படாம, பூசின கையால கண்ணைத் தொடாம... ஆமா, தெரியும்.

சிஸ்டர், ஒரு உதவி. டெஸ்ட்ல ஏதோ தெரிஞ்சுது, அதான் மாத்திரை வேண்டாம்னு டாக்டரம்மா சொல்ற மாதிரி... இல்ல... சரி, பொய் சொல்ல மாட்டீங்க... தெரியும், நான் கேட்டிருக்கக் கூடாது... நானேவா? இப்பவேவா? வீட்டுக்கு வரட்டுமே, சாயந்தரம் பொறுமையா... ம்... ம். மாத்திரை ஏன் இல்லைன்னு கேப்பாரு. ஆமா. குடுங்க... இருங்க, ஒரு நிமிஷம், தண்ணி குடிச்சுக்கிறேன்... சரி. குடுங்க.

என்னங்க... நாந்தான். ஒண்ணும் ஆகலை, புள்ளைங்க நல்லாத்தான் இருக்காங்க... உங்க போன்ல இருந்துதான், வீட்டுலயே விட்டுட்டுப் போயிட்டீங்க... உக்காருங்களேன்... நின்னுக்கிட்டே வேண்டாம், உக்காருங்க.

உங்க கை மோசமான கை இல்லைங்க... கேளுங்க. மருந்துதான் உங்க கையில படலை. டப்பாவுல நான் வாசலின் போட்டு வெச்சிருந்தேன்... வாசலின்... இல்ல, தெரியாம இல்ல. தெரிஞ்சுதான்... முதல் டப்பாவுல இருந்தே... அக்கா முகத்தை நெனச்சுப் பயந்துட்டேன்... ம்... ம்... கேட்டிருக்கலாம். ஆமா. உங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

அன்னிக்கா?... அவரு பாதியில எந்திரிச்சுப் போன அன்னிக்கா?... அன்னிக்கு காலையிலயும் வாசலின்தாங்க.

ஆமா. நீங்க வந்து சொன்னீங்க. சாப்பாடு போட்டுக்கிட்டே, விடுங்க, அவரு போனா இன்னொருத்தர்னு சொன்னேன். அப்பவும் தெரியும்... தெரிஞ்சுக்கிட்டுதான் சொன்னேன்...

என்னங்க?... திட்டுங்க. கத்துங்க, யாரு இருந்தா என்ன... சிரிக்கிறீங்களா?... சிரிங்க, பரவாயில்ல, எத்தனை கேவலமா வேணா... என்னங்க... நீங்க சிரிக்கலை. அய்யோ. அத்தனை பேரு உக்காந்திருக்கிற எடத்துல... அழாதீங்க. அழாதீங்க, நான் பண்ணதுக்கு நீங்க அழாதீங்க... ஹலோ?... ஹலோ...

யாரு... சிஸ்டரா. அவரு எங்க?... முகம் கழுவப் போயிருக்காரா. ம்... ம்... டாக்டரம்மா கூப்பிட்டாங்களா, சரி... இல்ல, நான் வெக்கலை. இருக்கேன். எவ்வளவு நேரம் ஆனாலும் இருக்கேன்.

...ஆங், சொல்லுங்க சிஸ்டர். மாத்திரை இல்லைன்னுட்டாங்களா? நல்லது... புது டப்பா குடுத்தாச்சா. அங்கயே, உங்க முன்னாடியே பூசிக்கிட்டாரா... மூணு வாரம் கழிச்சு காட்டணும். சரி... நேரா கடைக்குப் போறாராமா?... ஷட்டரைத் தூக்கித் தூசி தட்டி வைக்கணும்னாரா. கை ஆற ஆற ஆரம்பிச்சுக்கலாம்னு... ம். அது போதும் சிஸ்டர். அது போதும் எனக்கு.

வேற எதுனா சொன்னாரா?... தயங்காதீங்க, சொல்லுங்க... டப்பா வீட்டுக்கு வராதா... கடையிலயே, கத்தரிக்கோல் வைக்கிற டிராயர்ல... பூட்டி வெச்சுக்கிறாராமா... சாயந்தரம் பூசிட்டுதான் வீட்டுக்கு வருவாராம்... ம்.

இல்ல, சமாதானம் சொல்லாதீங்க. எனக்கு ஒண்ணும் இல்ல... பூட்டிக்கட்டும் சிஸ்டர். பூட்டிதான் வெச்சுக்கணும்... சரிங்க. வெச்சிடறேன்.