பலகைச் சுவருக்குச் சன்னல்

அவிநாசிபாளையத்தில் ஏறிய பனியன் கம்பெனி முதலாளியும் தச்சரும் பஸ்ஸில் என் பின் சீட்டில் உட்கார்ந்து பேசிக்கொண்டு வந்தார்கள்.

“சன்னல் வைங்க ஆசாரியாரே. ஆனா பலகையை அறுக்கக் கூடாது.”

“சுவரே பலகைதானுங்க மொதலாளி. அறுத்து நிலையைப் பொருத்துனாத்தானுங்க காத்து வரும். நேத்துக்கூட மிசின்ல ஒரு பொண்ணு மயங்கி உழுந்துச்சுங்களே?”

“அறுத்தா அதுக ரோட்டையே பாத்துட்டு உக்காந்துக்கும். நாளைக்கு வர்ற பேக்டரி இன்ஸ்பெக்டருக்குச் சன்னல் வேணும், அவ்வளவுதான். வெளிப்பக்கம் பலகை மேலயே சன்னலை வெச்சு ஆணியடிச்சு, நீலப் பெயிண்ட் பூசிருங்க.”

“தொறக்கச் சொன்னாருன்னா?”

“பெயிண்ட் காயலீங்கன்னு சொல்லிப்போடுங்க.”

“உள்ள வந்து பாத்தாருன்னா?”

முதலாளி சிரித்தார். “அந்தப் புழுக்கத்துக்குள்ள ஆருங்க வருவா?”